ஊமைக் காருக்கு முழு விலையா?

2010 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மின்கார், பாவித்த வண்டியாக நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. அங்கே, வீட்டில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் மின்னேற்ற அளவை அறியலாம், குளிரூட்டியை இயக்கலாம். இங்கே? அதன் தொடர்புக் கருவி ஜப்பானிய சேவையையே தேடித் தவிக்கிறது. திரையில் ஜப்பானிய எழுத்து. வரைபடத்தில் ஹட்டனும் இல்லை, நுவரெலியாவும் இல்லை! கினிகத்தேனை ஏற்றத்தில் மின்கலம் வற்றும்போது, அடுத்த மின்னேற்ற நிலையம் எங்கே என்று அந்தத் திரையிடம் கேட்டு என்ன பயன்?

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதிவைத்த நாடு இது. இங்கே தமிழும் அறியாத, சிங்களமும் அறியாத திரைக்காகத் தவணை கட்டுகிறான் தோட்டத்துப் பிள்ளை.

உற்பத்தியாளரை நாம் குறைகூறவில்லை. ஜப்பானியருக்குச் செய்ததை ஜப்பானில் விற்றனர். இங்கே கொணர்ந்து, "சகல வசதியும் உண்டு" என்று விற்போரையே கேட்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஏமாற்றும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. இயங்காததை மறைக்கும் மௌனமும் ஏமாற்றே என்பது நம் வாதம்.

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இலங்கையில் இயங்காத வசதிகள் எவையென விலைச்சீட்டிலேயே எழுதுமாறு, 10ஆம் பிரிவின்கீழ் அதிகாரசபை கட்டளையிடட்டும். அதுவரை, அன்பர்காள், கையொப்பமிடுமுன் அதனை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்!