கொல்லிமலைக் குளிரில் கம்ப்யூட்டருக்கு எதற்கு கூலர்?

“ராத்திரியில கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குற ஊர்ல ஏர் கூலர் எதுக்குச் சாமி?”

கொல்லிமலை செம்மேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் “ஏர் கூலர் வாங்கணும்மா” என்று சொன்னால், அம்மா இப்படித்தான் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் ஏர் கூலர் என்றால், தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைக்கும் பெரிய பெட்டிதான். மகன் கேட்பது வேறு. மேஜைக் கம்ப்யூட்டருக்குள், பிராசஸர் என்ற மூளையின் தலைமேல் உட்காரும் கூலர் அது. அலுமினியத் தகடுகள், செம்புக் குழாய்கள், ஒன்றிரண்டு ஃபேன்கள்; அவ்வளவுதான்.

உயர்ரகக் கூலரின் விலை சுமார் பத்தாயிரம் ரூபாய் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வரும்: “ஒரு காத்தாடிக்குப் பத்தாயிரமா?”

இரண்டும் நியாயமான கேள்விகள். மகன் காதுகுத்து, கல்யாண வீடியோக்களை எடிட் செய்து சம்பாதிக்க நினைக்கிறான். மிளகு விற்ற பணத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்கே போய்விட்டது. மிச்சம் இருப்பது பத்தாயிரம். அதை முழுக்கக் கூலரில் போடுவதா, பாதியைக் கூலருக்கும் மீதியை யு.பி.எஸ்ஸுக்கும் பிரிப்பதா? ஒரு கூலரை எப்படி எடைபோடுவது என்று தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

சூடு எவ்வளவு?

பிராசஸர் தின்னும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7600 முழு வேலை செய்யும்போது 88 வாட் வரை எடுக்கும். ரைசன் 7 7700எக்ஸ் 142 வாட் வரை போகும். இன்டெலின் கோர் ஐ9 14900கே-வுக்கு நிறுவனம் சொல்லும் உச்சம் 253 வாட். அதாவது நான்கு குண்டு பல்புகளின் சூடு!

அந்தச் சூடு பிறக்கும் இடமோ மிகச் சிறியது. 7700எக்ஸ்-இல் கணக்குப் போடும் சிப் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு வாட் என்று பார்த்தால், இஸ்திரிப் பெட்டியே இதனிடம் தோற்றுப் போகும்.

கூலர் போதாவிட்டால் பிராசஸர் எரிந்துபோகுமா? இன்றைய பிராசஸர்கள் அந்த அளவுக்கு விடுவதில்லை. 7700எக்ஸ்-க்கு 95 டிகிரி, 14900கே-வுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நஷ்டம் நேரத்தில்தான். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வீடியோ இன்னும் இழுக்கும். ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும்.

7700எக்ஸ் போன்ற சில பிராசஸர்களின் பெட்டியில் கூலர் வருவதே இல்லை. தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். மகன் வாங்கியதும் அதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

குழாய்க்குள் ஓர் இட்லிப் பானை

கூலரின் ரகசியம் ஃபேனில் இல்லை. அந்தச் செம்புக் குழாய்களில் இருக்கிறது. ஹீட் பைப் என்று பெயர். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் செய்து காட்டிய கருவி இது.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது. மூடியில் பட்டு, சூட்டை அங்கே இறக்கிவைத்துவிட்டு, துளியாகிக் கீழே சொட்டுகிறது. ஹீட் பைப்பிலும் இதேதான் நடக்கிறது. மூடிய குழாய்க்குள் துளித் தண்ணீர் இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி தகடுகள் இருக்கும் பக்கம் ஓடிக் குளிர்ந்து, குழாயின் உள்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வந்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மோட்டாரும் கிடையாது. தகடுகளில் சேரும் சூட்டை வெளியே தள்ளுவது மட்டுமே ஃபேனின் வேலை.

மலைக்கு வந்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில், அடுப்பில் வைத்த தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடாத பாத்திரத்தில் பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆவது அதனால்தான். ஆனால், ஹீட் பைப்புக்குள் அடைபட்ட தண்ணீருக்கு மலை ஏறி வந்ததே தெரியாது. வெளியே இருக்கும் காற்றுக்குத்தான் வித்தியாசம்.

விமர்சனங்களில் எந்த எண்ணைப் பார்ப்பது?

“இந்தக் கூலர் போட்டால் 70 டிகிரிதான்” என்று யாராவது சொன்னால், உடனே கேட்க வேண்டிய கேள்வி: அப்போது அறையின் வெப்பம் எவ்வளவு?

காற்றால் குளிரவைக்கும் எந்தக் கூலரும் பிராசஸரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் உண்மையான மதிப்பெண். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சோதித்து 70 வந்தால், அந்தக் கூலரின் மதிப்பெண் 48. அதையே 36 டிகிரி அறையில் வைத்தால் 84 காட்டும். கூலர் மாறவில்லை, அறை மாறிவிட்டது.

மலைவாசிகள் பயப்படுகிற இன்னொரு விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மேகம் வீட்டுக்குள் நுழையும் நாளில் கூலரில் நீர் கோத்துக்கொள்ளாதா? ஓடிக்கொண்டிருக்கும் கூலர் எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். அதனால் அதன்மேல் நீர் கோக்காது.

மலை கொடுப்பதும் எடுப்பதும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நாமக்கல்லில் அறை 36 டிகிரி இருக்கும் மதியத்தில் கொல்லிமலையில் 28 என்று எடுத்துக்கொள்வோம். எட்டு டிகிரி இலவசம்!

ஆனால், மலை கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்ளும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. 1,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. பதர் கலந்த சாமையைப் படியால் அளப்பது போலத்தான்: படி நிறைந்திருக்கும், எடை குறையும். ஃபேன் ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் அளவு அதேதான். அதன் எடை குறைவு. எடை குறைந்தால் அது சுமந்து செல்லும் சூடும் குறையும். வெப்ப வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால், மலைக் காற்று நாமக்கல் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு லேசானது. இதனால் கூலரின் மதிப்பெண்ணில் இரண்டு மூன்று டிகிரி கூடலாம்.

கணக்குக்காக இரண்டு கூலர்களை எடுத்துக்கொள்வோம். விலை உயர்ந்ததின் மதிப்பெண் 55, சுமாரானது 62. நாமக்கல் அறையில் முதலாவது 91 டிகிரியில் நிற்கும். இரண்டாவது 98-க்குப் போக வேண்டும். 95 எல்லை என்பதால் பிராசஸர் வேகத்தைக் குறைக்கும். கொல்லிமலையில் இரண்டுக்கும் மெல்லிய காற்றுக்காக மூன்று டிகிரி கூட்டுங்கள். முதலாவது 86, இரண்டாவது 93. இரண்டுமே எல்லைக்குள் இருக்கின்றன!

சமவெளியில் திணறும் கூலர் மலையில் தேறிவிடுகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்க நினைத்த டிகிரிகளை மலையே தந்துவிடுகிறது. அம்மா கேட்ட முதல் கேள்வி பாதி சரி என்பது இதில் தெரிகிறது. கூலரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், உச்ச ரகம் தேவையில்லை.

பத்தாயிரமா, பாதியா?

ஏர் கூலர்களில் நெடுநாள் அளவுகோலாக இருந்தது, ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த என்.ஹெச்.-டி15. இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், 14 செ.மீ. ரக ஃபேன்கள் இரண்டு. உயரம் 165 மில்லிமீட்டர். ஃபேன்களோடு சேர்த்து எடை 1,320 கிராம்.

பின்னால் வந்த தெர்மல்ரைட் நிறுவனத்தின் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ. அதே இரட்டைக் கோபுரம், அதே ஆறு ஹீட் பைப், 12 செ.மீ. ஃபேன்கள் இரண்டு, உயரம் 155 மில்லிமீட்டர். கடைக்குக் கடை விலை மாறினாலும், பொதுவாக முன்னதன் விலையில் பாதிகூட இருக்காது. பல சோதனைகளில் இரண்டுக்கும் இடையே தெரிந்தது சில டிகிரி வித்தியாசம்தான்.

அப்படியானால் விலை உயர்ந்ததில் என்னதான் லாபம்? சத்தம் குறைவு, நீண்ட வாரன்டி, பல வருடம் உழைக்கும் ஃபேன். இரவு எட்டு மணிக்கு மேல் சில்வண்டு தவிர வேறு சத்தமே இல்லாத மலை வீட்டில், ஃபேன் இரைச்சல் நன்றாகவே கேட்கும். ராத்திரி முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவருக்கு அந்தப் பணம் வீண் இல்லை. வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது அவசியம் இல்லை.

தண்ணீர்க் குழாயோடு வரும் லிக்விட் கூலர்? மிக அதிக வாட் பிராசஸர்களுக்கு அது உதவும். ஆனால், அதில் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. அது நின்றால் கம்ப்யூட்டரே நிற்கும். பழுது பார்க்க மலை இறங்கவேண்டிய ஊரில் இதை யோசிக்க வேண்டும். ஏர் கூலரில் கெடக்கூடியது பெரும்பாலும் ஃபேன் மட்டுமே. சில நூறு ரூபாயில் இன்னொன்று வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

எழுபது வளைவுகள்

விமர்சனங்களில் வராத சோதனை ஒன்று கொல்லிமலைக்கு உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள்!

கேபினெட் நிமிர்ந்து நிற்கும்போது மதர்போர்டும் நிமிர்ந்து நிற்கும். கூலர் அதில் பக்கவாட்டில், மரத்தில் பலாப்பிஞ்சு தொங்குவது போலத் தொங்கும். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடை, ஒவ்வொரு வளைவிலும் குலுங்கினால் மதர்போர்டு வளையலாம், திருகு தளரலாம். எனவே, நாமக்கல் கடையிலேயே எல்லாவற்றையும் பொருத்தி எடுத்துவருவதைவிட, கூலரைத் தனிப் பெட்டியில் கொண்டுவந்து வீட்டில் மாட்டுவது நல்லது. மாட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்றால், கூலர் மேல்நோக்கி இருக்கும்படி கேபினெட்டைப் படுக்கவைத்து, அடியில் மெத்தை போட்டுக் கொண்டுவரலாம். எடை குறைந்த கூலருக்கு இங்கும் ஒரு மதிப்பெண் கூடுதல்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

வாங்குவதற்கு முன்பு கேபினெட்டுக்குள் எவ்வளவு உயரக் கூலர் நுழையும், ரேம் மீது ஃபேன் இடிக்குமா என்று பாருங்கள். மாட்டும்போது அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கழற்ற மறக்கவே கூடாது. பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் போதும். ஃபேன்களின் காற்று கேபினெட்டின் பின்பக்கம் நோக்கிப் போக வேண்டும்.

பிறகு, கேபினெட்டின் முன்னால் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலையையே, உதாரணமாக ஒரு நீளமான வீடியோவை, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பெரிய கூலர் முழுதாகச் சூடேறவே நேரம் எடுக்கும் என்பதால், முதல் இரண்டு நிமிட எண்ணை நம்பக்கூடாது. இலவசமாகக் கிடைக்கும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் வெப்பம், வாட், வேகம் மூன்றையும் பாருங்கள். வெப்பத்தில் அறை வெப்பத்தைக் கழித்தால், உங்கள் கூலரின் மதிப்பெண் வந்துவிடும்.

வெப்பம் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்றால், அடுத்து வேகத்தைப் பாருங்கள். வேகம் குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம். குறைந்தால், புதுக் கூலருக்கு ஓடும் முன் மதர்போர்டு அமைப்பில் ஈகோ மோட் போட்டுப் பாருங்கள். 7700எக்ஸ்-ஐ 88 வாட்டுக்குள் கட்டிவைக்கலாம். வேகத்தில் குறைவது கொஞ்சம்தான். சூடு நன்றாகவே குறையும். செலவு ஒரு பைசா இல்லை.

விறகடுப்புப் புகையும் ஈரக் காற்றும் சேர்ந்தால் தகடுகளுக்கிடையே பிசுபிசுப்பான அழுக்கு படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். சுத்தம் செய்யாத பத்தாயிரம் ரூபாய்க் கூலரைவிட, சுத்தமாக இருக்கும் நாலாயிரம் ரூபாய்க் கூலர் நன்றாக உழைக்கும்.

செம்மேட்டு அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். கூலர் வேண்டும், ஆனால் பத்தாயிரத்துக்கு வேண்டாம். அதில் பாதிக்குள் நல்ல இரட்டைக் கோபுரக் கூலர் ஒன்று. மீதியில் ஒரு யு.பி.எஸ். மழைக்காலத்தில் திடீரென்று கரண்ட் போகும்போது, பாதியில் இருக்கும் கல்யாண வீடியோவைக் காப்பாற்றப் போவது அதுதான்.