இடப்பள்ளி வரை வர மூச்சில்லாதவர்கள்

எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன், நாள்பட்ட நுரையீரல் அடைப்பால் மூச்சு வாங்கியவரிடம் மருத்துவர்கள் பெரும்பாலும் சொன்னது, அலட்டிக்கொள்ளாமல் படுத்திருங்கள் என்பதுதான். கேட்க இதமான யோசனை. ஆனால் படுத்தவரின் கால்தசை கரைந்தது. கரைந்த கால் ஓரடி வைக்கவே கூடுதல் மூச்சு கேட்டது. இரைக்கிறதே என்று மறுபடி படுத்தார். 1952இல் நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பராக், நடக்கவையுங்கள் என்று எழுதினார். 1960களில் டென்வரில் தாமஸ் பெட்டி அதை முறையான பயிற்சியாக்கினார். கெட்ட நுரையீரல் திரும்பாது, காலைத் தேற்றலாம், அவ்வளவுதான். குளியலறைக்குத் தானே நடந்துபோவதா, பிறர் தூக்கிப்போவதா என்பது அந்த 'அவ்வளவுதானில்' இருக்கிறது.

இந்தியாவில் 2016இல் இந்நோயாளிகள் சுமார் 5.5 கோடி, 1990இல் இதில் ஏறக்குறைய பாதி. பீடி சிகரெட் மட்டுமல்ல, விறகடுப்புப் புகையும் காரணம். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது, மூச்சுக்கு ஏங்குவது என்னவென்று கொச்சி முழுவதற்கும் தெரிந்தது.

கொச்சியின் இடப்பள்ளியில் 1998 முதல் அமிர்தா மருத்துவமனை இருக்கிறது. 2017 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் பயிற்சி என்பது வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஆறு வாரம். இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பைத் தாண்டி அத்தனை முறை வந்துபோக முடிகிறவர், ஓரளவு தேறியவர். படியிறங்கவே முடியாதவர் வீட்டோடு நின்றுவிடுகிறார்.

அவருக்குத்தான் கைப்பேசி. ஆறு நிமிட நடைப் பரிசோதனையை மட்டும் முதலில் நேரில் செய்துவிட வேண்டும். பிறகு வீட்டில், சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு நாற்காலி போதும். விரலில் ஆக்சிமீட்டர், திரையில் பிசியோதெரபிஸ்ட். உதட்டைக் குவித்து ஊதியபடி எழுந்து உட்கார வேண்டும். "பத்துக்கு எவ்வளவு இரைக்குது?" நாலு என்றால் தொடரலாம். ஏழு என்றால் உட்கார்ந்துவிட வேண்டும்.

இப்படித் தொலைவிலிருந்து தரும் பயிற்சி பற்றி, 1904 பேரைக் கொண்ட 15 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2021இல் அலசியது. மையத்துக்குப் போனவர்களுக்குக் கிடைத்த பலன் தொலைவிலிருந்து செய்தவர்களுக்கும் கிடைத்திருந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு கணக்கு: பயிற்சியை முடித்தவர்கள் நேரில் நூற்றுக்கு 70, தொலைவில் 93.

கேரளத்துக்கு இது புதுப்பாதை அல்ல. 2008இலேயே வலிநிவாரணப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, செவிலியரை வீடு தேடி அனுப்பிய மாநிலம் இது. இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை 2020 முதல் இருக்கிறது. இந்நோய்க்கென்றே 'ஸ்வாஸ்' கிளினிக்குகளும் இருக்கின்றன. அங்கே பதிவான ஒவ்வொருவருக்கும் வாரம் இரண்டு பயிற்சி அழைப்புகளை அரசு உறுதிசெய்ய வேண்டும்.