சாவி யார் கையில்?



பெண்களுக்கான தொழிற்பயிற்சி என்று பத்திரிகையில் அறிவித்தல் வந்தால், இடம் பெரும்பாலும் கொழும்பாகத்தான் இருக்கும். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதையில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பசறையிலோ லுணுகலையிலோ இருக்கும் ஒரு தாய் முதலில் பதுளைக்கு வர வேண்டும். பிள்ளைகளை உம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும், தங்க இடம் வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். இத்தனையும் எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை மடித்து வைத்த சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்!

இந்தத் தூரத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்றுதான் மெய்நிகர் உலகம். கணினித் திரைக்குள்ளே ஒரு கட்டடம். அதில் மண்டபம், வகுப்பறை, கடை எல்லாம் உண்டு. உங்களுக்குப் பதிலாக 'அவதார்' என்ற ஓர் உருவம் அங்கே நடமாடும். நீங்கள் பேசினால் உங்கள் குரல் அங்கே கேட்கும். உங்கள் முகமோ வீட்டின் உட்புறமோ யாருக்கும் தெரியாது. கமராவின் முன் அமரத் தயங்கும் பெண்களுக்கு இது சிறிய வசதி அல்ல.

வேலை பழகவும் இது உதவும். எல்லைப் பகுதியில் விருந்தினர் விடுதி நடத்த விரும்பும் ஒரு பெண், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்று, வாடகை சொல்லி, முறைப்பாடு கேட்டுச் சமாளிப்பதைத் திரைக்குள் பத்து முறை பழகலாம். பிழை விட்டாலும் உண்மையான வாடிக்கையாளர் யாரும் கோபித்துக்கொண்டு போகமாட்டார்.

இவ்வகை உலகங்களில் பெயர் பெற்றது அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த 'செகண்ட் லைஃப்'. 2008இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் வல்லுநர்கள் 200 பேருக்கு மேற்பட்டோரை அதற்குள்ளே கூட்டி மாநாடு நடத்தியது. ஒரே ஊரில் அனைவரையும் கூட்டியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவில் சுமார் 3,20,000 டொலர் மிச்சம் என்று அந்நிறுவனமே கணக்குச் சொன்னது.

ஆனால் அங்கே நிலம் வாடகைக்குத்தான் கிடைக்கும். கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலைச் சலுகை இருந்தது. 2011 ஜனவரியோடு அது நிறுத்தப்படும் என்று 2010இல் அறிவித்தார்கள். பாடுபட்டு வகுப்பறைகளைக் கட்டிய பல்கலைக்கழகங்கள் திகைத்தன. சலுகை 2013இல் திரும்பி வந்தது. அதற்குள் பலர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் பலருக்கு இடம் தந்தது 'ஓப்பன் சிமியுலேட்டர்'. 2007இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. 'திறந்த மூலம்' என்றால் என்னவென்று கேட்பீர்கள். கடையில் வட்டிலப்பம் வாங்கலாம், சாப்பிட்டால் முடிந்தது. கடைக்காரர் விலையை ஏற்றினால் கொடுக்க வேண்டும், கடையை மூடினால் வட்டிலப்பமே இல்லை. ஆனால் எத்தனை முட்டை, எவ்வளவு கித்துள் கருப்பட்டி, எவ்வளவு தேங்காய்ப்பால் என்ற பக்குவத்தை ஒருவர் எழுதியே கொடுத்துவிட்டால், நம் அடுப்பில் நாமே செய்யலாம், இனிப்பைக் கூட்டலாம் குறைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான். அது எழுதப்பட்ட விதத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

கடை மூடப்படும் என்பது வெறும் பேச்சல்ல. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 'ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர்.' என்ற கூடம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் பக்குவம் நிறுவனத்திடமே இருந்ததால், அங்கே கூடியவர்கள் வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. மொசில்லாவின் 'ஹப்ஸ்' கூடமும் 2024 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஆனால் அது திறந்த மூலம். அதனால் ஆர்வலர்கள் மென்பொருளை எடுத்துத் தாங்களே தொடர்ந்து நடத்துகிறார்கள். மூடப்பட்டது இரண்டும்தான், சாவி யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

இதெல்லாம் மேல்நாட்டுக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நம் கரையை அழித்தபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிந்து வைக்க இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதைத் திறந்த மூலமாகவே விட்டார்கள். அதனால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. நம் நாட்டில் பிறந்த பக்குவம் பிறர் கண்ணீரையும் துடைத்தது.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். இலவசம் என்பதாலேயே எல்லாம் கைக்கு வந்துவிடாது. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் பாடம் படிக்க மலையுச்சிக் காட்டில் சுமார் 30 அடி உயர மரக்குடிலில் ஏறியதைப் பத்திரிகைகள் எழுதின. அங்கேதான் இணையத் தொடர்பு கிடைத்தது. பெரியவர்கள் துணைக்குப் போக, பிள்ளைகள் முறை வைத்து ஏறினார்கள். நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் 40 சதவீதத்தினருக்கே இணையவழிக் கல்வி எட்டியது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது மதிப்பிட்டது. மீதி 60 சதவீதத்தில் தோட்டத்து லயன் அறைப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

முப்பரிமாண உலகத்தைக் காட்ட நல்ல கணினி வேண்டும்; சாதாரணக் கைத்தொலைபேசி அதைத் தாங்காது. ஆனால் ஓப்பன் சிமியுலேட்டரில் ஒரு வசதி உண்டு. இணையமே இல்லாமல், ஒரு கூடத்தில் கம்பியால் இணைத்த கணினிகளுக்குள்ளேயே அதை நடத்தலாம். சிக்னல் எட்டாத ஊரிலும் பாடசாலைக் கணினிக்கூடம் இருந்தால், விடுமுறை நாளில் அதைக் கேட்டுப் பெற்றுப் பெண்களுக்குப் பயிற்சி வைக்கலாம்.

வீட்டிலிருந்தே கூட்டத்தில் சேர வேண்டியவர்களுக்கு எளிய வழி வேறு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய 'பிக் புளூ பட்டன்' என்ற இணைய வகுப்பறையும் திறந்த மூலமே. அதில் அவதார் இல்லை. கரும்பலகையும் குரலும் உண்டு, கைத்தொலைபேசியிலும் திறக்கும். கமராவை மூடிவிட்டுக் குரலில் மட்டும் கலந்துகொண்டால் டேட்டாவும் மிச்சமாகும்.

இவற்றுக்கும் செலவு உண்டு என்பதை மறக்கக் கூடாது. சேர்வர் எனப்படும் கணினி வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு மாதர் சங்கம் தனியே சுமப்பது கடினம். நாலைந்து சங்கங்கள் சேர்ந்தால் முடியும். பதுளையிலேயே 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகளிடம் உதவி கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் சங்கத்திடம் யாராவது இணையப் பயிற்சிக்குப் பணம் கேட்டு வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கூடம் மூடப்பட்டால் எங்கள் பாடங்களையும் அங்கத்தவர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? அடுத்த வருடம் கட்டணத்தைக் கூட்டினால் நாங்கள் வேறிடம் போக வழி உண்டா? சிக்னல் குறைந்த தோட்டத்தில், சாதாரணக் கைத்தொலைபேசியில் இது வேலை செய்யுமா?

மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை சங்கத்துப் பணப்பெட்டியைத் திறக்காதீர்கள். சீட்டுப் பிடித்தும் பலகாரம் விற்றும் சேர்த்த பணம் அது. அந்தப் பணத்தில் அமையும் கூடத்தின் சாவி நம் சங்கத்தின் கையிலேயே இருக்கட்டும்.