இதில் என்ன வெட்கம்?

நம் ஆரணியில் பட்டுப்புடவையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். பிரா வாங்கும்போது மட்டும், "ஜாக்கெட் 36, அதையே கொடுங்க" என்று தலைகுனிந்து வாங்கிக் கறுப்புக் கவரில் ஒளித்துக்கொண்டு வருகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். தோளில் பட்டை பதிந்த தழும்போடுதான் ஓய்வுபெறும்வரை பாடம் நடத்தினேன். பாரத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை, தோள் அல்ல.

வீட்டிலேயே அளக்கலாம் தோழிகளே. தையல் டேப்பை மார்புக்குக் கீழே இறுக்கமாகச் சுற்றுங்கள். 32 அங்குலமா? அதுதான் எண், ஒற்றைப்படை வந்தால் அடுத்த இரட்டைப்படை. பிறகு மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக அளந்து, அந்த எண்ணைக் கழியுங்கள். மீதி 1 என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு இது. இதை மகளுக்குச் சொல்லித்தராமல் கடைக்காரரின் ஊகத்துக்கு விடுவதுதான் வெட்கக்கேடு.