தொழில்வழிச் சிகிச்சையும் மாணாக்கர் கடமையும்

உழைப்பால் உயரும் ஊர் உழைப்பவனின் உடலைப் பேணக் கடமைப்பட்டது என்பது எவரும் மறுக்கவொண்ணா நீதி. ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தாயுள்ள பிள்ளைப்பாக்கம் முன்னர் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். இன்றோ சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர் பெற்று, ஒரகடம் வரையில் பரந்த இயந்திர உலகின் ஓர் அங்கமாய் விளங்குகின்றது. பார வண்டிகள் ஓயாது ஓடும் சாலைகளும், கட்டடம் எழுப்பும் உயர்ந்த சாரங்களும் உள்ளவிடத்து, விபத்தும் வீழ்ச்சியும் என்றும் அண்மையில் நிற்கும் அபாயங்கள். நம் நாட்டில் முதுகுத்தண்டு ஊறுபடுதற்கு இவ்விரண்டுமே தலையாய காரணங்களாம்.

முதுகுத்தண்டின் நரம்பு ஊறுற்றால், அவ்விடத்திற்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் குன்றும். அல்லது அறவே ஒழியும். அறுவை வைத்தியர் என்பினை நிலைநிறுத்தித் தம் பணியை முடிப்பர். அதன்மேல்தான் நெடும்பணி தொடங்குகின்றது. உண்ணல், உடுத்தல், நீராடல், கட்டிலினின்று சக்கர நாற்காலிக்கு மாறல், மீண்டும் ஒரு தொழிலில் அமர்தல் ஆகிய இவற்றைப் பயிற்றுவிப்பதே ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை. 1950-ஆம் ஆண்டில் கமலா நிம்ப்கர் அம்மையார் பம்பாயில் இதற்குக் கல்விச்சாலை கண்டார். இன்று பிள்ளைப்பாக்கத்திற்கு அதிகத் தொலைவில்லாத காட்டாங்கொளத்தூரிலும் இக்கலை கற்பிக்கப்படுகின்றது.

இக்கலையின் நுட்பத்திற்கு ஓர் உதாரணம் கூறுவாம். கழுத்துப் பகுதியில் ஊறுற்று விரல்களை அசைக்க இயலாத ஒருவர்க்கு, மணிக்கட்டை மேனோக்கி உயர்த்தும் வலிமை மட்டும் எஞ்சியிருக்கலாம். அவர் அங்ஙனம் உயர்த்துங்கால் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடங்கும். அப்பிடியைக் கொண்டே கரண்டியும் எழுதுகோலும் ஏந்த அவர் பழகலாம். இதனை அறியாத உறவினர், அன்பு மிகுதியால் நாடோறும் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நீட்டிப் பிடித்துவிடுவாராயின், நாண்கள் தளர்ந்து அப்பிடி கைவிட்டுப் போகும். அன்பிற்கு அறிவும் துணையாதல் வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கற்றுக்குட்டிகளாகிய மாணாக்கரை இத்துணைத் துயருற்றார்பால் அனுப்புதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். ஆசிரியர் மேற்பார்வையின்றி அனுப்புதல் தகாது என்பதே எம் விடையும். ஆயினும் பெரிய வைத்தியருக்கும் வாய்த்தற்கரிய செல்வம் ஒன்று மாணாக்கரிடத்து உண்டு, அது பொழுது. சட்டைப் பொத்தான் ஒன்றை மாட்டுதற்கு ஒருவர் அரைமணி போராடுங்கால், பொறுமையிழந்து தாமே மாட்டிவிடாது அருகிருப்பவரே உண்மைத் துணைவர்.

யாம் அஞ்சுவது மாணாக்கரின் இளமையை அன்று. பயிற்சிப் பருவம் முடிந்தவுடன் அவர்கள் பிரிந்து போவதையே. வீடு சேர்ந்த பின்னரே நிலைவாசற்படி சக்கர நாற்காலியை மறிக்கின்றது. அமர்ந்த நிலையில் அடிக்கடி உடற்பாரத்தை மாற்றாவிடின், உணர்ச்சியற்ற இடத்தில் புண் தோன்றி, முற்றினால் உயிரையே கவர்ந்துவிடும். ஆதலின், ஒரு வகுப்பார் விடைபெறுமுன் அடுத்த வகுப்பாரை அவ்வீட்டிற்கு அழைத்துச் சென்று பணியை ஒப்புவித்தல் வேண்டும். அன்றியும், வைத்தியசாலையில் மட்டுமன்றித் தொழிலாளர் குடியிருக்கும் வாடகை அறைகளிலும் பாடம் நடைபெறல் வேண்டும். ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்று நூலில் படித்தல் எளிது. நான்கடிச் சந்தில் அதனை எங்ஙனம் அமைப்பது என்பதே உண்மைப் பரீட்சை.

ஊறுற்றாரை இரங்கத்தக்கார் என்று மட்டும் எண்ணுதல் பெருந்தவறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தால் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணராயினார். எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது வீழ்ந்து கழுத்திற்குக் கீழ்ச் செயலிழந்தார். 1981-இல் ஆய்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இவர்கள் உதவி பெற்றோர் மட்டுமல்லர். பிறர்க்கு உதவுவது எங்ஙனம் என்பதைக் காட்டினோர். ஆதலின் மாணாக்கர் தம் பயிற்சித் திட்டத்தை விரிக்குமுன், "தாங்கள் எத்தொழில் செய்ய விரும்புகிறீர்கள்?" என்று வினவுதலே முறை.

அவ்வினாவிற்கு விடை தருங் கடமை ஆலையுடையார்க்கும் உண்டு. பணிக்காலத்தில் உடற்குறை எய்தியவரை நீக்கலாகாது என அரசு நிறுவனங்களுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கின்றது. அவ்விதி தனியார் ஆலைகளைக் கட்டுப்படுத்தாவிடினும், அறம் கட்டுப்படுத்தாதோ? பொருளின் தரம் பார்த்தலும், கணினியில் கணக்கெழுதலும் அமர்ந்து செய்யத்தக்க வேலைகளே. மேசையின் உயரத்தையும் வாயிலின் அகலத்தையும் அளந்து கூற மாணாக்கர் ஆயத்தமாயிருப்பராயின், அவர்க்கு ஆலைக் கதவைத் திறந்துவிடுதல் முதலாளிகள் செய்யத்தக்க முதற் காரியம்.

மாணவ நண்பர்களே! பட்டம் பெறுதற்கு வேண்டிய மணிக்கணக்கு ஒருநாள் நிறைவுறும். நீவிர் துணைசெய்தவர் தம் கையால் உண்டு, தம் உழைப்பால் பொருளீட்டி, தம் ஊர்ச் சாலையில் தாமே செல்லும் நாள் வரையில் உம் கடமை நிறைவுறாது. அந்நாளைக் கருத்திற்கொண்டு கற்பீராக.