உயிர் பிழைத்தோருக்கு நாம் பட்டிருக்கும் கடன்

நோயுற்றோரின் உயிரைக் காப்பதோடு அரசின் கடமை நிறைவுறுவதில்லை. காக்கப்பட்டவர் தம் வீட்டு முற்றத்தில் பிறர் தோளைப் பற்றாது நடக்கும் நாள்வரை அது தொடர்கிறது என்பதே, இலவச மருத்துவத்தைத் தன் பெருமையாகக் கொண்ட இலங்கை ஏற்க வேண்டிய நெறி.

பாரிசவாதம் இந்நெறியைச் சோதிக்கும் நோய். மூளைக்குச் செல்லும் குருதிநாளத்தைக் குருதிக்கட்டி அடைத்திருப்பின், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அவ்வெல்லை எத்துணைக் குறுகியதென்பதை, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் மிதவைப் பாதைக்காகக் கரையில் காத்திருந்த தலைமுறை எளிதில் உணரும். இன்று பாலம் உண்டு. 1990 என்ற எண்ணை அழைத்தால் நோயாளர் காவு வண்டியும் வருகிறது.

ஆயினும் நெடிய துன்பம் வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. நிற்றல் என்பது கால்களின் வலிமை மட்டுமன்று. கண்ணும் உட்செவியும் பாதத்தின் உணர்வும் தரும் செய்திகளை மூளை இடையறாது இணைப்பதால் விளைவது. அவ்விணைப்புக் குலைந்தவர், கதிரையிலிருந்து எழுவதையும், நலிந்த காலில் பாரத்தை இறக்குவதையும், விழாது திரும்புவதையும் பலநூறு முறை பயின்றே மீட்க வேண்டும். வைத்தியசாலையின் சமதளத்தில் பழகிய கால், கரையோரக் குடியிருப்பின் மணல் முற்றத்திலும் கிணற்றடி ஈரத்திலும் தடுமாறுகிறது. ஒருமுறை விழுந்தவர், மீண்டும் விழுவோமோ என்ற அச்சத்தாலேயே கட்டிலோடு ஒடுங்குகிறார். ஒடுங்குவதால் தசை மேலும் நலிகிறது. நேற்றுவரை கடலுக்குப் போய் வீட்டைத் தாங்கியவர், இன்று மலசலகூடத்துக்கும் துணை கேட்க நேரும்போது இழப்பது நடையை மட்டுமன்று.

இச்சுமையைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று (மனைவியும் மகளும் என்பதே இதன் பொருள்) நாம் ஆறுதல் கொள்கிறோம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வு அவ்வாறுதலைக் குலைக்கிறது: குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து வீட்டில் பராமரிக்கப்பட்டோர், ஆறு மாதங்களின் பின் மற்றையோரினும் மேம்பட்டிருக்கவில்லை. இதைக் குடும்பத்தாரின் குறையாகக் கொள்வது அநீதி. தேர்ந்த இயன்மருத்துவரின் பணியை அவர்கள் தலையில் ஏற்றுவது தீர்வாகாது என்பதே எமது துணிபு.

தேர்ந்தோரே வீடு தேடி வர வேண்டும்; அதற்கான முன்னுதாரணத்துக்கு நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. கருவுற்ற தாயைத் தேடி மருத்துவமாது வீட்டு வாயிலுக்கு வரும் முறைக்கு, 1926இல் களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவு வழிகோலியது. மகப்பேற்றுக்கு இயன்றது, பாரிசவாதத்துக்கு இயலாதென்பதற்கு நியாயமில்லை. மாதமொருமுறை வரும் இயன்மருத்துவர், எந்தச் சுவரில் கைபிடி பொருத்த வேண்டுமென்று காட்டுவார். உடன் வரும் தாதி குருதி அமுக்கத்தை அளந்து, கருவாட்டு உப்பைக் குறைக்கச் சொல்வார். மறுமுறைத் தாக்குதலைத் தடுப்பதில் குருதி அமுக்கத்தைக் கண்காணிப்பதற்கும் உப்பைக் குறைப்பதற்கும் பங்குண்டு.

இக்கடமைக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. மாற்றுத்திறனுடையோர் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே இயற்றப்பட்டது; அவ்வுரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்றுறுதி செய்தது. இதை நிறைவேற்ற வேண்டிய கிழக்கு மாகாண ஆட்சியின் தலைமையகமும் திருகோணமலை நகரிலேயே அமைந்திருக்கிறது. மூதூர், கிண்ணியா, புல்மோட்டை, கந்தளாய் ஆகிய ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை இயன்மருத்துவர் உளர், அவருள் எத்தனை பேர் வீடுகளுக்குச் செல்கின்றனர், பேச்சிழந்தோருக்குப் பயிற்சியளிப்போர் எங்குளர் என்பவற்றை மாகாண சுகாதாரத் திணைக்களம் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே வெளியிட வேண்டும். வெற்றிடங்களை நிரப்புவதற்குரிய தொகை அத்திட்டத்திலேயே தனித்தலைப்பில் இடம்பெற வேண்டும்.