கோழிக்கோட்டை மறந்தவர்கள்

அண்மையில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க வந்தவர், பூட்ஸ் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளைப் பார்த்து இப்படிப் பேசினார்: "நம் நாட்டில் பெண்கள் கால்பந்து இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. அவசரப்படக் கூடாது, இன்னும் இருபது வருஷம் ஆகும்." கூட்டம் கைதட்டியது. பிள்ளைகளும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இது அவர் ஒருவரின் பேச்சு இல்லை. டீக்கடையில் கேட்டிருக்கிறேன், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டிருக்கிறேன், விளையாட்டை நன்றாக அறிந்த நண்பர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். பெண்கள் கால்பந்து புதுசாம், பச்சைக் குழந்தையாம், பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். இதைப் போல் ஒரு பொய்யை இந்த நாட்டின் விளையாட்டு மேடைகளில் வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் என்ன நடந்தது?

ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. கணக்குப்படி அது 1979-க்கு உரிய போட்டி. இந்தியா ஓர் அணியை அல்ல, இரண்டு அணிகளை இறக்கியது. இரண்டு அணிகளை நிரப்பும் அளவுக்கு அன்றைக்கே இங்கே வீராங்கனைகள் இருந்தார்கள். அதில் ஓர் அணி இறுதி ஆட்டம் வரை போய், தைவானிடம் 2-0 என்று தோற்று, ஆசியாவின் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. இதைத்தான் இன்றைக்குத் தவழ்வது என்கிறார்கள்.

அது ஒரு நாள் அதிர்ஷ்டமும் இல்லை. 1981-இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம்; தாய்லாந்து 3-0 என்று வென்றது. அடுத்தடுத்து மூன்று ஆசியப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த அணி அது. வங்காளத்தின் சாந்தி மல்லிக் 1983-இல் அர்ஜுனா விருது வாங்கினார். கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஜப்பானைப் பாருங்கள். அந்த நாட்டுப் பெண்கள் அணி முதன்முதலாக அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் ஆடியதே 1981 ஹாங்காங் போட்டியில்தான். நாம் மூன்றாம் இடம் பிடித்த அதே போட்டியில் அவர்கள் புதுமுகம். முப்பது ஆண்டு கழித்து, 2011-இல், ஜெர்மனியில் அவர்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். சீனா இன்னும் பிந்தியது. ஆசியப் போட்டிக்கு அவர்கள் முதலில் வந்தது 1986-இல். 1991-இல் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையைத் தங்கள் மண்ணில் நடத்தினார்கள். 1999-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடி, பெனால்டியில்தான் தோற்றார்கள். இவர்கள் இருவருக்கும் முன்பே கோழிக்கோட்டில் இறுதி ஆட்டம் ஆடியவர்கள் நாம். புதியவர்கள் நாமா, அவர்களா?

கோழிக்கோட்டுக்கு அப்போது சீனா வரவில்லையே, ஜப்பான் வரவில்லையே என்று உடனே ஒருவர் எழுந்திருப்பார். வந்தவர்களோடுதான் ஆட முடியும். வராதவர்கள் பின்னால் வந்து உலகக் கோப்பை வரைக்கும் போனார்கள். முன்னால் வந்த நாம் எங்கே போனோம் என்பதல்லவா கேள்வி?

நாம் எங்கும் போகவில்லை. 1986, 1989, 1991, 1993 என்று நான்கு ஆசியப் போட்டிகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. அதில் 1991 போட்டிதான் முதல் உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து அணிகளைத் தேர்ந்தெடுத்தது. ஆசியாவின் இரண்டாம் இடத்து அணி, கதவு திறந்த நாளில் வாசலுக்குக்கூடப் போகவில்லை. பெண்கள் கால்பந்தை அதுவரை நடத்தியது ஒரு தனிச் சங்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது ஆண்கள் கால்பந்தை நடத்தும் சம்மேளனத்தின் கைக்கு வந்தது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் சீனாவிடம் 16-0 என்று தோற்றார்கள். பதினாறு கோல்! பதினைந்து ஆண்டுக்கு முன் அதே நகரத்தில் ஆசிய இறுதி ஆட்டம் ஆடிய நாடு இது. 2009-இல் பதினெட்டு மாதத்துக்கும் மேல் ஓர் ஆட்டம்கூட ஆடாததால், ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே நம் பெண்கள் அணியின் பெயர் எடுக்கப்பட்டது. சாந்தி மல்லிக்குக்குப் பிறகு அர்ஜுனா விருது ஒரு கால்பந்து வீராங்கனைக்குக் கிடைத்தது 2017-இல், மணிப்பூரின் பெம்பெம் தேவிக்கு. நடுவில் 34 ஆண்டுகள். அத்தனை ஆண்டிலும் தகுதியான ஒருத்திகூட இந்த நாட்டில் பந்து உதைக்கவில்லையா?

இப்போது புரிகிறதா, அந்தப் 'புதுசு' என்ற பேச்சால் யாருக்கு லாபம் என்று? புதுசு என்றால் யார் மீதும் குற்றமில்லை. பட்டினி போட்டுப் போட்டு ஒல்லியாக்கிய பிள்ளையை, இது பிறவியிலேயே இப்படித்தான் என்று ஊருக்குச் சொல்வது போன்றது இந்தப் பேச்சு. கோழிக்கோட்டை நினைவில் வைத்திருந்தால் நடுவில் தொலைந்த ஆண்டுகளுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையிலேயே புதிய அணியைப் பார்க்க வேண்டுமா? வங்கதேசப் பெண்கள் அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது 2010-இல். 2010-இலிருந்து 2019 வரை தெற்காசியக் கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து வென்றது இந்தியா. 2022-இலும் 2024-இலும் அதை வென்றது அந்தப் புதிய வங்கதேசம். இருபது வருஷம் பொறுக்கச் சொல்லி அங்கே யாரும் பிரசங்கம் செய்திருக்க மாட்டார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றதும், பெண்கள் கிரிக்கெட் அன்றுதான் பிறந்தது போல எழுதினார்கள். பெண்கள் உலகக் கோப்பை 1978-இலேயே இந்தியாவில் நடந்துவிட்டது. பெண்கள் எதை ஆடினாலும் ஒவ்வொரு தலைமுறையும் அதை முதல்நாள் என்று சொல்லித்தான் வரவேற்கும் என்றால், முன்னால் ஆடியவர்களெல்லாம் யார்?

நம் ஊருக்கு வருவோம். 1941-இலிருந்து நடக்கும் ஆண்கள் தேசியச் சாம்பியன்ஷிப்பான சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாட்டு ஆண்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியச் சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை வென்றிருக்கிறார்கள்: 2018-இல் மணிப்பூரை வீழ்த்தி, 2023-இல் ஹரியானாவை வீழ்த்தி. கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்களை இறுதி ஆட்டத்தில் வெல்வது என்றால் என்ன என்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடியவர். ஐ.பி.எல். அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாம் ஆளின் ஊர் பேர் தெரிந்த தமிழ் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்துமதியைத் தெரியும்? நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பள்ளிகளுக்கும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மிச்சமிருக்கும் மைதானத்தைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையில் ஓடினால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்று வீட்டில் கவலைப்படுவார்கள். இத்தனையையும் தாண்டி வருகிறவளிடம்தான் பொறுமையாக இரு என்கிறார்கள்.

2025 ஜூலை 5-ஆம் தேதி, தாய்லாந்தின் சியாங் மாயில், சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டு கோல்களால் இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்று கோழிக்கோட்டில் நடந்த அதே ஆசியச் சாம்பியன்ஷிப்பின் இன்றைய பெயர்தான் ஆசியக் கோப்பை. 1983-இல் நம்மை இறுதி ஆட்டத்தில் வீழ்த்திய நாடு, இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு, அதை அதன் மண்ணிலேயே நம் பெண்கள் வென்றார்கள். நான் கத்தி மகிழ்ந்தேன். ஆனால் செய்தி எப்படிப் பரவியது? தகுதிச் சுற்று ஆடி உள்ளே போவது இதுதான் முதல்முறை என்பது சரியான வாக்கியம். அது வாய்க்கு வாய் சுருங்கி, ஆசியக் கோப்பைக்கே இந்தியப் பெண்கள் முதன்முறையாகப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. சங்கீதாவைப் பாராட்டுகிற கையோடு சாந்தி மல்லிக்கை அழித்துவிட்டார்கள்.

ஆண்களுக்குத் தேசிய லீக் 1996-இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு லீக் வந்தது 2016-17 பருவத்தில். அதுவும் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டிச் சில வாரங்களில் முடித்து அனுப்பும் போட்டியாக. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறிமாறி ஆடும் முறையான லீக் 2023-24-இல்தான் தொடங்கியது. கோழிக்கோட்டு இறுதி ஆட்டத்துக்கு 43 ஆண்டுகள் கழித்து. அதைத் தொடக்கம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1981-இலேயே கொடுத்திருக்க வேண்டிய லீக் அது. ஏன் கொடுக்கவில்லை என்பதற்குச் சம்மேளனம் பதில் சொல்லட்டும்.